ஐந்தாவதாக ஆடுபவள்

ஃபிலிம் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்த ஒரு பழைய பாட்டுப் படத்தை வீட்டில் பார்க்கும் டிஸ்க்காக வெளியிடுவதற்கு முன், அதிலிருந்த கீறல்களை அழிப்பது அக்காவின் வேலை. மற்ற இடங்களில் வெறும் தூசிதான். கூட்டு நடனத்தில் ஐந்தாவதாக ஆடும் பெண்ணின் முகத்தை மட்டும் எவனோ ஆணியால் கீறித் தள்ளியிருந்தான், ஒரு ஃபிரேம் விடாமல்.

“என்ன வயித்தெரிச்சலோ பாவிக்கு,” என்றாள் அக்கா.

கீறலை அழித்தால் அடியில் முகமே மிஞ்சவில்லை. இல்லாததை வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். அக்கா தன் தங்கையின் முகத்தை எடுத்து ஒட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது.

டிஸ்க் வந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்து பார்த்தார்கள்.

“அடிப்பாவி, நானா அது? எனக்கு ஒரு ஸ்டெப்புகூட வராதே,” என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

“உனக்கும் சேர்த்து அவ ஆடுறா. பேசாம பாரு.”

இரண்டாவது சரணத்தில், அவளுக்குப் பக்கத்தில் ஆடியவள் கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். சிரிப்பு மாறவில்லை, கால் பிசகவில்லை. அக்கா எத்தனையோ முறை பார்த்த காட்சி அது. அதில் இந்த ஊசி கிடையாது. தாளம் விழுந்த இடத்தில் அவள் திரும்பி, ஐந்தாவது பெண்ணின் கண்ணில் ஊசியால் கீறி இழுத்தாள்.

தங்கை கண்ணைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது.

“அக்கா, நிறுத்துக்கா.”

திரையில் மற்ற பெண்களும் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டைக்குக் கையைக் கொண்டுபோனார்கள்.

அக்கா பிளக்கையே பிடுங்கி எறிந்தாள். திரை இருண்டது, பாட்டு நின்றது. தங்கையின் கன்னத்தில் அடுத்த கீறல் தாளம் தப்பாமல் விழுந்தது.