ஒன்பதரை அடி

டேப்பின் அந்த முனையை யாராவது பிடித்துக்கொள்ள முடியுமா என்று நகராட்சியிலிருந்து வந்திருந்த கட்டட ஆய்வாளர் கேட்டதுதான் தாமதம், என் மாமனார் பிடுங்காத குறையாக அதை வாங்கிக்கொண்டார்.

முப்பத்தாறு வருடம் நில அளவையில் இருந்தவர். பக்கத்தில் யாராவது எதையாவது அளந்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது.

அளக்க வேண்டியது இன்னும் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டின் பின்சுவருக்கும், பின்னால் அவருக்காகக் கட்டியிருக்கும் சின்ன வீட்டின் முன்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஒரே மனையில் இரண்டாவது வீடு கட்டினால் நடுவில் பத்து அடி விட வேண்டும் என்பது விதி. அறை, குளியலறை, அடுப்படி, தனி வாசல் எல்லாவற்றையும் பார்த்து அந்த ஆய்வாளர் பெண் ஏற்கனவே டிக் அடித்துவிட்டாள்.

இதுவும் சரியாக இருந்தால் கையெழுத்து. கையெழுத்து விழுந்தால் நாளைக் காலை அவர் குடிபோய்விடுவார். பெட்டி கட்டி ஒரு வாரம் ஆகிறது.

எல்லாம் என் வாயால் வந்த வினை.

போன வருடம் போனில் என் அக்காவிடம், "இந்த வீட்ல மூச்சு விடக்கூட இடமில்லக்கா" என்று சொல்லித் தொலைத்தேன். நான் சொன்னது புதிதாக வாங்கிய பீரோவைப் பற்றி. பாதி அறையை அடைத்துக்கொண்டு நின்றது அது. பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரின் காதில் பீரோ விழவில்லை. மூச்சு மட்டும்தான் விழுந்தது.

மறுநாளே நகராட்சிக்குப் போய் விண்ணப்பப் படிவத்தையும் விதிப் புத்தகத்தையும் வாங்கி வந்துவிட்டார்.

நான் அழுது பார்த்தேன். என் கணவர் கெஞ்சிப் பார்த்தார். பீரோவையே விற்றும் பார்த்தோம். கோபமெல்லாம் ஒன்றுமில்லை, தன் கையால் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை என்றார் மாமனார். வெந்நீர் வைக்கப் போய் பாத்திரத்தைக் கருக்கிய மனுஷன்.

ஒருமுறை சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் அவரிடம் கிடையாது. வரைபடம் போட்டது அவர்தான். முளைக்குச்சி அடித்து நூல் கட்டியதும் அவர்தான். அஸ்திவாரம் தோண்டிய அன்று, கொத்தனார் வருவதற்கு முன்பே ஆறு மணிக்கெல்லாம் டேப்போடு போய் நின்றவர்.

ஆய்வாளர் டேப்பைச் சுவரில் வைத்து அழுத்தினாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்தாள்.

ஒன்பது அடி ஆறு அங்குலம்.

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமனார் தன்னுடைய டேப்பை எடுத்து வந்து, போக ஒரு தடவை, வர ஒரு தடவை அளந்தார். ஒன்பதரைதான். தலையில் கை வைத்துக்கொண்டு, தனக்கு வயசாகிவிட்டது என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் அதுவரை கேட்டதில்லை.

ஆய்வாளருக்கே பாவமாகிவிட்டது. மூன்று அங்குலம் வரை குறைந்தால் கட்டுமானத்தில் சகஜம்தான் என்று விட்டுவிட விதியிலேயே இடம் இருக்கிறதாம். ஆறு அங்குலத்துக்கு வழியில்லை. ஒன்று, முன்சுவரை இடித்துத் தள்ளிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் நடுவில் கூரை போட்டு, எங்கள் பின்சுவரில் ஒரு கதவு வைத்து, இரண்டையும் சேர்த்துவிடலாம். சேர்த்துவிட்டால் அது இரண்டாவது வீடு இல்லை, எங்கள் வீட்டின் இன்னொரு அறை. இடைவெளி என்ற பேச்சே வராது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்படிதான். அங்கே இருக்கிற அடுப்பை எடுத்துவிட வேண்டும்.

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். கதவே வைத்துவிடலாம், விதி என்றால் விதிதானே என்று பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டார்.

எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கணக்கு எங்கோ இடித்தது.

ஏனென்றால் அஸ்திவாரம் தோண்டிய அன்று விடியற்காலை, பால் வாங்கப் போகிற சாக்கில் பின்பக்கம் போய், முன்சுவருக்கு அடித்திருந்த இரண்டு முளைக்குச்சிகளையும் பிடுங்கி, எங்கள் வீட்டுப் பக்கமாகத் தள்ளி அடித்தவள் நான்தான். பழைய குழிகளில் மண்ணைப் போட்டு மிதித்துவிட்டும் வந்தேன். விதி விதிதான், கொஞ்சம் குறைந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்று நினைத்தேன். அதிகமாக நகர்த்தினால் அவர் கண்ணுக்குத் தப்பாது என்ற பயம் வேறு. அதனால் என் தையல் டேப்பை வைத்து அளந்துதான் நகர்த்தினேன்.

மூன்றே மூன்று அங்குலம்.

ஆய்வாளர் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். என் கணவர் வழியனுப்ப வாசலுக்குப் போனார். மாமனார் தன் டேப்பைத் துணியால் துடைத்துச் சுருட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூணு இன்ச்சுக்கெல்லாம் விட்டுடுவாங்கம்மா. நகத்துறதுக்கு முன்னாடி விதிப் புத்தகத்தைப் படிச்சிருக்கணும்."

மத்தியானத்துக்கு என்ன சமையல் என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனார்.