மாமனாருக்காக ஒரு ரிவர்ஸ் லைட்

“இதைவிடப் பவரா ஒண்ணும் இல்லையா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டான் சின்ன மாப்பிள்ளை.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார். “இதுவே ஜாஸ்தி சார். ரிவர்ஸ் கியர் போட்டா, பின்னால நிக்கிறவங்களுக்குக் கண்ணே தெரியாது.”

“எங்க மாமாவுக்குத்தாங்க. குடோன்ல பகல்லயே கும்மிருட்டு. அவர்தான் பின்னால நின்னு வழி சொல்றார். வயசானவருக்கு ஒண்ணு ஆயிடக் கூடாது பாருங்க.”

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. வீட்டுக் கண்ணாடி முன்னால் நாலு தடவை ஒத்திகை பார்த்த தழுதழுப்பு அது.

எலக்ட்ரீஷியன் பிக்கப் வண்டியின் பின் பம்பருக்கு அடியில் குனிந்தார். “ஏற்கெனவே யாரோ இங்க லைட்டு மாட்டிக் கழட்டியிருக்காங்க சார். ஓட்டை அப்படியே இருக்கு. வேலை சுலபம்.”

அவன் காதில் அது ஏறவே இல்லை. மனசு அதற்குள் குடோனுக்குப் போய்விட்டிருந்தது.

டைல்ஸ் கடை, அதற்குக் கீழே குடோன், மேலே மாடி வீடு, இந்த வண்டி எல்லாமே மாமனார் பெயரில். இரண்டு வருடமாக அவன் வீட்டோடு மாப்பிள்ளை. பெரியவர் கண்ணை மூடினால்தான் அவனுக்கு விடியும். அவரோ எழுபது வயதிலும் கல்லு மாதிரி இருந்தார். ஜலதோஷம்கூட அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனது.

அவனுக்கு வழி காட்டியது, செத்துப்போன பெரிய மாப்பிள்ளைதான். சின்னவன் கல்யாணத்துக்கு முந்தின வருடம், இதே வண்டிக்குப் பின்னால் நின்று வழி சொல்லும்போது, வண்டிக்கும் குடோன் சுவருக்கும் நடுவில் நசுங்கிப் போனானாம். ஓட்டியவர் மாமனார். “இருட்டுல தெரியலையே!” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுததில், விசாரிக்க வந்த போலீஸ்காரரே தண்ணீர் வாங்கிக் கொடுத்துத் தேற்றினாராம். அன்றிலிருந்து மாமனார் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. பின்னால் நிற்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

விபத்து என்று ஒரு தடவை நம்பிய ஊர் இன்னொரு தடவை நம்பாதா? அதுவும், மாமனார் உயிருக்காகக் கைக்காசு போட்டு லைட்டு மாட்டியவன் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

மனைவி உருகியே போனாள். “எங்கப்பா மேல உங்களுக்கு இவ்ளோ பாசமாங்க?”

“அவர் எனக்கும் அப்பாதானே” என்றான் அடக்கமாக. அக்கம்பக்கத்துக் கடைகளிலும் மறக்காமல் சொல்லி வைத்தான்.

மறுநாள் காலை லோடு வந்தது. குடோனுக்குள் இறங்கும் சரிவில் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். மாமனார் வழக்கம்போல் கீழே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார்.

“வாங்க மாப்ளே, வரலாம்! வரலாம்!”

ரிவர்ஸ் கியர் போட்டான். குடோன் வெள்ளை வெளேரென்று ஆனது. பக்கக் கண்ணாடியில், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்ட உருவம் தெரிந்தது. ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த கணம் மாடி வீடு நினைவுக்கு வந்தது. ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கப் போனவன் மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

வெறும் சுவர்தான் இருந்தது.

டக் டக் என்று அவன் பக்கத்துக் கதவு தட்டப்பட்டது. திடுக்கிட்டதில் கிளட்சிலிருந்து கால் நழுவி, வண்டி குலுங்கி நின்றுபோனது. வெளியே மாமனார் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பிரமாதமான லைட்டு மாப்ளே! சுத்தமாக் கண்ணு தெரியல. எறங்குங்க, நான் எடுக்கிறேன். நீங்க பின்னால போய் நில்லுங்க.”

“நீங்கதான்... ஓட்டவே மாட்டீங்களே மாமா?”

“உங்க பாசத்தைப் பார்த்ததும் தைரியம் வந்துடுச்சு.”

மாட்டேன் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவன் இறங்கிப் பின்னால் போனான். மாமனார் ஏறி உட்கார்ந்து, சீட்டைத் தன் உயரத்துக்கு நகர்த்தி, கண்ணாடியைச் சரிசெய்தார்.

“பெரிய மாப்ளையும் இப்படித்தான் எனக்காகப் பாசமா லைட்டு மாட்டினாரு, இதே ஓட்டையில.”