மெமரி உட்காரவில்லை

“ஐயோ, முதல்ல சார்ஜரைப் பிடுங்கும்மா!”

குரல் மூடிய கதவுக்குள்ளிருந்து வந்தது.

ஹிசாயேவின் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவித் தரையில் உருண்டது.

மகன் நாவோயாவின் குரல்தான். வேலையை விட்டுவிட்டு வந்து அந்த அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியபோது அவனுக்கு இருபத்தாறு வயது. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான். இடையில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

வேண்டியது வேண்டாதது எல்லாம் கைபேசியில்தான். ‘சோறு போதும்.’ ‘சோப்பு தீர்ந்துவிட்டது.’ ‘தட்டாதே.’

சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தால் காலியாக வெளியே வரும். அவ்வளவுதான் மகன்.

அவள் மட்டும் கதவோடு பேசிக்கொண்டே இருப்பாள். மீன் விற்கிற விலை, மேல்வீட்டு நாய், மழை வருமா வராதா. பைத்தியமா உனக்கு என்று கேட்டுக் கேட்டுப் புருஷனும் ஓய்ந்துவிட்டார்.

அவர் சொந்தக்காரர்களிடம் மகன் ஒசாகாவில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் யாரும் இங்கே வரக் கூடாது. வாய் தவறி உளறிவிடுவாளோ என்று இவளும் எங்கேயும் போவதில்லை. கடை வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தட்டச்சு செய்கிறாள். அவன் உள்ளே மாட்டிக்கொண்டான், இவள் வெளியே மாட்டிக்கொண்டாள்.

இன்றைக்கு லேப்டாப் ஒரேயடியாக நத்தையாகிவிட்டது. கம்ப்யூட்டர் கடைக்காரர் விரல் நீள மெமரிப் பட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, குழந்தைகூடப் போடும், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மதியத் தட்டை எடுக்க வந்தவள் அவன் கதவுக்கு முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, திருகாணிகளைக் கழற்றக் கழற்ற வழக்கம்போலக் கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூடி வந்துடுச்சு நாவோ. சார்ஜர் குத்தித்தான் இருக்கு, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்.

கம்ப்யூட்டர் படித்தவனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

அழுதால் அந்தக் குரல் போய்விடும். ஐயோ என் ராஜா என்று கூப்பிட்டாலும் போய்விடும்.

“பிடுங்கிட்டேன்ப்பா” என்றாள், தினமும் பேசிக்கொள்கிறவர்கள் மாதிரி.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

“பேட்டரியையும் எடு. அப்புறம் இரும்பு எதையாவது தொடு. குளிர்காலம், உன் உடம்புல கரன்ட் இருக்கும், மெமரியைப் பொசுக்கிடும்.”

கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே இரும்பு அவனுடைய கதவின் கைப்பிடி.

அதைத் தொட்டு எத்தனை காலம்! சில்லென்றிருந்தது. விரல் பட்டதும் டக்கென்று அசைந்தும் தொலைத்தது.

உள்ளே தடதடவென்று பின்வாங்குகிற சத்தம்.

“திறக்கலைடா! சத்தியமா திறக்கலை. நீ சொன்னியேன்னுதான் தொட்டேன். இங்க வேற இரும்பே இல்ல!”

இத்தனை நாள் கழித்துக் கிடைத்ததை ஒரு விரலால் கெடுத்துக்கொண்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எதிர்வீட்டில் குழாய் திறந்து மூடுவது கேட்டது.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாமா என்று நினைத்தபோதுதான் அவன் குரல் மெல்ல வந்தது.

“சாய்ச்சுச் சொருகு. அப்புறம் கீழ அழுத்து. ரெண்டு பக்கமும் கவ்வணும்.”

சாய்த்தாள், சொருகினாள், அழுத்தினாள். முதல் தடவையிலேயே கவ்விக்கொண்டது.

“கவ்வுச்சா?”

“இல்லப்பா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அதுல ஒரு வெட்டு இருக்கும் பாரு. அது எந்தப் பக்கம் இருக்கு?”

“தெரியலையே. கண்ணாடி போடலை.”

கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது.

“உனக்கு எப்பவும் இதே வேலை” என்று உள்ளே சலித்துக்கொண்டான். அந்தச் சலிப்பைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! இன்னும் நாலு திட்டு திட்டமாட்டானா என்றிருந்தது அவளுக்கு.

அவன் சொல்லச் சொல்ல எடுத்தாள், போட்டாள். மறுபடி எடுத்தாள். கவ்வியதைக் கவ்வவில்லை என்றாள். ஒவ்வொரு பொய்க்கும் அவன் இரண்டு வாக்கியம் பேசினான்.

கடைசியில் அவனே, சரி, மூடிவிட்டு ஆன் பண்ணிப் பார்க்கலாம் என்றான். இனி தட்டிக்கழிக்க முடியாது. பேட்டரியை வைத்து, திருகாணிகளை முடுக்கி, பொத்தானை அழுத்தினாள். திரை பளிச்சென்று எரிந்தது.

“வருதா?”

“இல்லையேப்பா. கருப்பாவே கிடக்கு.”

அவள் வாயை மூடுவதற்குள் லேப்டாப் தன் தொடக்க இசையை வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டது.

உள்ளங்கையால் பொத்தினாள். பொத்தி என்ன பயன்? இதுவே பழைய வேகமாக இருந்தால் ஒலியைக் குறைக்கவாவது நேரம் கிடைத்திருக்கும். சனியன், இன்றைக்குத்தான் அதற்கு உயிர் வந்திருக்கிறது.

முடிந்தது. இனி கைபேசியில் ‘தட்டாதே’ என்று வரும். அதுகூட வராமலும் போகலாம். கிழவி பொய் சொல்லி என்னைப் பேச வைத்தாள் என்று தெரிந்தபின் எந்தப் பிள்ளை பேசுவான்? அவள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

கதவின் அந்தப் பக்கம் பலகை கிரீச்சிட்டது. ஏதோ கதவில் சாய்ந்து, உரசிக்கொண்டே கீழே இறங்கி, தரையில் உட்கார்ந்தது.

குரல் இப்போது அவள் காதுக்கு நேராக வந்தது.

“ஆமாம்மா, வரலை. மெமரி சரியா உட்காரலை போல. கழட்டிட்டு முதல்லேர்ந்து போடு. ஒண்ணும் அவசரமில்லை.”