நடுச்சுவர்

அழகர் பீடியை விட்டு எழுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருக்கும் மருதையும் அவரோடு சேர்ந்துதான் விட்டார். இருவருக்கும் நெஞ்சு கெட்டிருப்பதாகத் தோட்டத்து டாக்டர் சொன்ன அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆசை தாங்காதவர் நடுச்சுவரில் மூன்று முறை தட்ட வேண்டும். மற்றவர் பதிலுக்குத் தட்டினால், அவரும் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஞாயிறு மத்தியானம் அழகருக்கு ஆசை தாங்கவில்லை. சுவரில் தட்டினார்.

"சுவரு இடிஞ்சிரப் போவுது" என்றாள் மனைவி.

அந்தப் பக்கமிருந்து உடனே மூன்று தட்டு கேட்டது.

"பாத்தியா, மருதை கெட்டிக்காரன். நான்தான் தட்டிக்கிட்டே இருக்கேன். அவன் ஒரு தடவகூட மொதல்ல தட்டல."

"அவருக்கு ரோசம் இருக்கு."

அழகர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். பதுளை பஸ்ஸிலிருந்து இறங்கிய மருதை, அப்போதுதான் ரோட்டிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். அழகரைக் கண்டதும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கம் திரும்பி நடந்தார்.

அழகர் அடுத்த காம்பரா வாசலுக்குப் போனார். மருதையின் மனைவி சிவகாமி கையில் அகப்பையுடன் சுவரோரம் தனியாக நின்றாள்.

"மருதை வெளிய இருக்கானே. அப்ப தட்டுனது யாரும்மா?"

அவள் தலை குனிந்தாள். "நீங்களும் தோத்துட்டா, இவரு மறுபடி பீடிய விடத் தொணையே இருக்காதுண்ணே."

"மறுபடியா?"

"மொத நாள் சாயங்காலமே பத்த வச்சிட்டாரு. மூணு நாளா தட்டுனது நான்தான்."