விளிம்பில் வெட்டிய பெயர்

பிரிட்டோ வீட்டுக் கொல்லையில் பழைய மெத்தைகளைப் பரப்பி நண்பர்கள் நான்கு பேரும் மல்யுத்தம் நடத்தத் தொடங்கியபோது, சாம்பியன் பெல்ட்டில் வைத்துத் தைக்க எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தவன் தயாளன். அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது. தட்டைக் காணாமல் பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்திருப்பாள் என்று அவள் சண்டை போட்டுப் பேச்சையே நிறுத்தியிருந்தாள்.

யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்வார்கள். தயாளனைப் போல விழ ஆளில்லை என்பதால் தோற்பது எப்போதும் அவன்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத்தான் பெல்ட் என்று மூவரும் சத்தியம் செய்திருந்தார்கள். அதை நம்பி அவன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தான். ஜெயித்த கையோடு உண்மையைச் சொல்லித் தட்டைக் கொடுத்துவிட நினைத்திருந்தான்.

தெருவே கூடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, பிரிட்டோ அவன் கழுத்தை இறுக்கியபடி காதில் சொன்னான். "கூட்டம் எனக்குத்தாண்டா கத்துது. அடுத்த வாரம் பாத்துக்கலாம். இப்ப விழு."

விழக் கூடாது என்றுதான் தயாளன் பல்லைக் கடித்தான். ஆனால் பிரிட்டோ தூக்கியதும் உடம்பு பழக்கத்தில் தானாக வளைந்துகொடுத்து, இதுவரை விழுந்ததிலேயே அழகாக விழுந்தது. விசில் பறந்தது.

பிரிட்டோ பெல்ட்டை உயர்த்திப் பிடித்துக் கூட்டத்தைச் சுற்றி வந்தான். தயாளனின் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"அது நம்ம தட்டு மாதிரி இருக்கே?"

"இல்லம்மா. அது பிரிட்டோவோடது."

தட்டு அவர்கள் முகத்துக்கு நேரே வந்தபோது, விளிம்பில் வெட்டியிருந்த 'செந்தாமரை' என்ற தன் பெயரை அம்மா மெல்ல எழுத்துக்கூட்டிப் படித்தாள்.