ஒரு கொடிக்கு ஒரு காய்

"இடுப்பு குனிய விடமாட்டேங்குது. நீயே உள்ள போய் வெட்டு மேபல்."

ஹோரஸ் முக்காலியில் உட்கார்ந்தபடி கத்தியை நீட்டினான். நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருஷம் முட்டி போட்டு வேலை பார்த்த இடுப்பு அது. மழை வந்தால் ஒரு வலி, வெயில் வந்தால் இன்னொரு வலி. இன்றைக்குப் பூசணிப் போட்டி என்பதால் இரண்டும்.

பூசணிக் கழகம் ஆளுக்கொன்றாக வாடகைக்கு விட்ட தோட்டப் பாத்திகளில், அவனுடையதற்கும் மேபலுடையதற்கும் நடுவே ஒரு கம்பி வேலி. செப்டம்பர் மாதம். குடை குடையாக இலை மூடி இரண்டு பக்கமும் தரை தெரியவில்லை. வேலியை ஒட்டி அவன் பக்கத்தில், மணல் மெத்தையில், பழைய கம்பளிக்குள் பன்றி மாதிரி படுத்திருந்தது மாரோ என்ற அந்த நீளப் பூசணி. நூறு ராத்தலுக்குக் குறையாது. போன இரண்டு வருஷமும் ஜெயித்தவன் ஹோரஸ்தான். இந்தத் தடவையும் ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை அவனுக்கே சொந்தமாகிவிடும்.

மேபலின் பாத்தியில் ஒரு காய்கூட இல்லை.

"காஞ்சொறியை ஊற வச்ச தண்ணியை ஊத்தினா காய் வருமா? நாத்தம்தான் வரும்" என்றான் ஹோரஸ்.

"செடி நல்லாத்தானே இருக்கு."

"இலையை எடை போட மாட்டாங்க அம்மணி. என் செடிக்கு வாரம் நாலு பாட்டில் கறுப்பு பீர். வேர்கிட்ட குழாய் சொருகி ஊத்துறேன். ஜூன் மாசமே இந்த ஒரு பிஞ்சை மட்டும் விட்டுட்டு, மிச்சம் அத்தனையையும் கிள்ளி எறிஞ்சேன். ஒரு கொடிக்கு ஒரு காய். அதுக்கெல்லாம் மனசு வேணும்."

அவன்தான் பூசணிக் கழகத்தின் செயலாளர். போட்டிக்குப் பூசணி வைக்காதவருக்குப் பாத்தி கிடையாது, சாயங்காலமே வேலிக்கதவுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று மேபலுக்கு நோட்டீஸ் எழுதியதும் அவன்தான். அவள் பாத்தியை எடுத்துக்கொள்ள அவனுடைய மச்சான் காத்திருந்தான். குளிர்காலம் முழுக்க மேபலின் அடுப்பில் வேகும் உருளைக்கிழங்கு அந்தப் பாத்தியின் மூலையில் விளைவது. அதைப் பற்றி நோட்டீஸில் ஒன்றும் இல்லை.

மேபல் இலைக்கு அடியில் தவழ்ந்து போனாள்.

"ரெண்டு பக்கமும் ஒரு சாண் கொடியை விட்டு வெட்டு. காம்பு ஒடிஞ்சா காய் செல்லாது."

இலை அசைவது நின்றது.

"என்ன, உள்ளயே தூங்கிட்டியா?"

அவள் முட்டியெல்லாம் மண்ணோடு வெளியே வந்தாள். கத்தியை இன்னும் உபயோகிக்கவில்லை.

"ஹோரஸ், வெட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. இந்தக் கொடி..."

"குனிய முடியாதுன்னு சொன்னேன்ல? என் கொடி எனக்குத் தெரியும். ஒரு பிஞ்சுக்கு வழியில்ல, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா. வெட்டு."

"வெட்டிடவா?"

"காது கேக்கலையா?"

வெட்டினாள்.

நாலு பேர் கம்பளியின் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கிப் போனார்கள். கழகக் கூடத்தில் தராசு நூற்றுப் பன்னிரண்டு ராத்தல் காட்டியது. நடுவர் கிளிஃப் காயைத் தட்டிப் பார்த்தார். டார்ச் அடித்து ஓட்டை தேடினார். இல்லை.

"உங்க பாத்திச் செடியில காய்ச்சதுதானே? கேக்கணும்னு விதி."

"விதியை எழுதினவன்கிட்டயே கேக்குறீங்க. மருமகன் பாத்திக் காயைத் தூக்கிட்டு வந்த நார்மனை வெளிய அனுப்பினதே நான்தான். வேர் யாரோடதோ காய் அவங்களோடது."

கூட்டம் கைதட்டியது. ஹோரஸ் கோப்பையைத் தூக்கிப் பிடித்தான். "சில பேர் காஞ்சொறித் தண்ணி ஊத்துறாங்க. அதுல குளிக்கலாம். காய் வளர்க்க முடியாது."

எல்லோரும் திரும்பி மேபலைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் ஹோரஸ் அவள் பாத்திக்கு வந்தான். கோப்பையை வீட்டில் வைக்க மனமில்லாமல் அக்குளில் இடுக்கியிருந்தான். பின்னால் மச்சான், மண்வெட்டியோடு.

"சாவி."

"தர்றேன். என் செடியைப் பிடுங்கிக்கிறேன்."

"பிடுங்கு. ஒரு இலை விடாம எண்ணி எடுத்துக்க. அதுதானே உன் விளைச்சல்."

மேபல் காஞ்சொறித் தொட்டிக்குப் பக்கத்தில் குனிந்தாள். அடித்தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வேர் மண்ணோடு வந்தது. விடாமல் இழுத்தபடியே பின்னால் நடந்தாள். அவள் பக்கத்து இலைகள் ஆடின. வேலிக் கம்பி அதிர்ந்தது. பிறகு ஹோரஸின் பக்கத்து இலைகள் ஒவ்வொன்றாக, வரிசையாக, காலி மணல் மெத்தை வரைக்கும் ஆடின. மணலிலிருந்து ஒரு கொடி நுனி புறப்பட்டு, ஊர்ந்து, வேலிக்கு அடியில் நுழைந்து ஹோரஸின் பூட்ஸுக்கு முன்னால் வந்து நின்றது. காலையில் கத்தி பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

மச்சான் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "அப்போ ஜூன்ல நீ கிள்ளி எறிஞ்சதெல்லாம் உன் செடிக் காயா?"

ஹோரஸ் அக்குளில் இருந்த கோப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

மேபல் சாவியைத் தரவில்லை, அதன் பிறகு யாரும் கேட்கவுமில்லை. கோப்பை மட்டும் இன்னும் ஹோரஸ் வீட்டு அலமாரியில் இருக்கிறது; அது மேபலுக்குக் கொடுக்க வேண்டியது.