மணி சரியாத்தான் இருக்கு

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இத்தனை சந்தோஷமாக இருந்தவன் சங்கரன்கோவிலிலேயே இசக்கித்துரை ஒருத்தனாகத்தான் இருப்பான்.

முந்தாநாள் கோமதி அம்மன் தேரோட்டம். ஊரே வடம் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் மன்சூர் அலி வீட்டில் இருபது பவுன் போய்விட்டது. மகள் ரிஸானாவின் நிக்காஹுக்காக அவர் பதினெட்டு வருஷம் துபாய் வெயிலில் நின்று சேர்த்த நகை. குடும்பத்தோடு கடையநல்லூருக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். வீட்டுக் கேமராவில் பதினொன்று பத்துக்கு ஒரு ஹெல்மெட்டும் மழைக்கோட்டும் உள்ளே போகின்றன. பதினொன்று இருபத்தைந்துக்கு வெளியே வருகின்றன. முகம் தெரியவில்லை.

அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தது சாட்சாத் இசக்கித்துரைதான். கம்ப்யூட்டர் மெக்கானிக். அந்தக் கேமராவை மாட்டிக் கொடுத்தவனும் அவனே. அதனால் நகை போனால் போலீஸ் முதலில் தன்னைத்தான் கூப்பிடும் என்று அவனுக்குத் தெரியும். கூப்பிடட்டும் என்றுதான் இருந்தான்.

ஏனென்றால் சாட்சி தயார். அதுவும் லேசுப்பட்ட சாட்சியா? சப்-இன்ஸ்பெக்டர் சண்முகையாவின் வீட்டுக் கம்ப்யூட்டர்!

அதில் பேட்டரி போய், மணி கண்டபடி காட்டிக்கொண்டிருந்தது. "தேரன்னைக்கு வீட்டுல யாரும் இருக்க மாட்டோம். சாவி மீட்டர் பெட்டிக்குள்ள கெடக்கும். வந்து சரி பண்ணிட்டுப் போலே" என்று சொன்னதே சண்முகையாதான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

காலை ஒன்பதரைக்கு இசக்கித்துரை அங்கே போனான். புது பேட்டரி போட்டான். சரியான மணியைச் சொல்வதற்கென்றே நெட்டில் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டர் அவ்வப்போது அங்கே போய், 'அண்ணாச்சி, மணி என்ன?' என்று கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இசக்கித்துரை அந்த வசதியைக் கொஞ்ச நேரம் அணைத்து வைத்தான். மணியைப் பதினொன்று ஐந்து என்று மாற்றி, வெப்கேம் முன்னால் பல்லைக் காட்டி ஒரு போட்டோ. பதினொன்று இருபது என்று மாற்றி, ஸ்க்ரூ டிரைவரோடு இன்னொன்று. பதினொன்று முப்பத்தைந்துக்கு நெற்றி வியர்வையைத் துடைத்தபடி ஒன்று. வியர்வை உபயம், குழாய்த் தண்ணீர்.

பிறகு அந்த வசதியைத் திரும்பப் போட்டுவிட்டான். கம்ப்யூட்டர் நெட்டில் கேட்டு, சமர்த்தாக ஒன்பது ஐம்பதுக்கு வந்து சேர்ந்தது. போட்டோக்களில் மட்டும் பதினொரு மணி அப்படியே நின்றது. போலீஸ் வீடாயிற்றே, வேறு ஒரு துரும்பைக்கூடத் தொடாமல் பூட்டி, சாவியை மீட்டர் பெட்டியில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டக் கிளம்பினான்.

இப்போது அதே கம்ப்யூட்டர் ஸ்டேஷன் மேஜைமேல் இருந்தது. எதிரே சண்முகையா. பக்கத்தில் மன்சூர் அலி.

"ஏலே இசக்கி, பதினொன்னு பத்துக்கு நீ எங்கன இருந்த?"

"உங்க வீட்டுலதான் சார்! வெப்கேமை டெஸ்ட் பண்ணணும்லா? போட்டோகூட எடுத்தேன். பாருங்க."

"இந்தப் புள்ள எடுத்திருக்காது சார். எங்க வீட்டுல சோறு தின்ன புள்ள" என்றார் மன்சூர் அலி. "நிக்காஹுக்கு இருவது நாளுதான் கெடக்கு. ரிஸானா ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல."

இசக்கித்துரைக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஒரு ஐந்து செகண்ட்.

சண்முகையா போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மணியெல்லாம் போட்டிருக்கு. ஆனா கம்ப்யூட்டர் மணியே தப்பா இருந்தா?"

இசக்கித்துரை பெஞ்சு நுனிக்கு நகர்ந்து வந்தான். சண்முகையா தன் செல்போனைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மணி, நிமிஷம், செகண்ட் எல்லாம் ஒன்றுபோல ஓடின.

"நான் சரி பண்ணினது சார். நெட்டோட சேத்து விட்டிருக்கேன். பிசகாது."

"மணி சரியாத்தான் இருக்கு" என்று தலையாட்டினார் சண்முகையா. "அப்ப பதினொன்னு அஞ்சுல இருந்து முப்பத்தஞ்சு வரைக்கும் எங்க வீட்டை விட்டு நகரல?"

"நகரவே இல்ல சார்."

"வேற யாரும் உள்ள வரல?"

"ஒரு ஈ காக்கா வரல சார்."

"எழுதிக் குடு."

இசக்கித்துரை முத்து முத்தாக எழுதினான். இருந்த உற்சாகத்தில் கையெழுத்தை இரண்டு இடத்தில் போட்டான். மன்சூர் அலி அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

சண்முகையா அதைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏட்டய்யாவிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.

"போலீஸ் வீட்டுலயே திருட்டுன்னா ஊரு சிரிக்கும்னு நான் வெளிய மூச்சு விடல. தேரன்னைக்குச் சரியாப் பதினொன்னேகாலுக்கு எங்க பீரோவை உடைக்குத சத்தத்தைப் பக்கத்து வீட்டு வாத்தியாரு கேட்டிருக்காரு" என்றபடி லத்தியை எடுத்தார். "எம் பொண்டாட்டி ஆரம் எங்கலே?"

"ஐயோ சார், அந்த நேரம் நான் உங்க வீட்டுல இல்லவே இல்ல சார்" என்று அலறிய இசக்கித்துரை, மன்சூர் அலியின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான். "பாய், நீங்களாவது சொல்லுங்க பாய், நான் உங்க வீட்டுலல்லா திருடிட்டு இருந்தேன்!"